வேப்பமரத்தடி என்று ஒரு வரி

எங்கள் மாவட்டத்து இளம் நிருபர்கள் சேர்ந்து ஒரு மலர் போடுகிறார்கள். ஓய்வுபெற்றவர்கள் எல்லோரிடமும் கட்டுரை கேட்டிருக்கிறார்கள். மற்றவர்களிடம் எதையாவது எழுதுங்கள் என்று விட்டவர்கள், என்னிடம் மட்டும் விஷயத்தையும் சேர்த்தே கொடுத்துவிட்டார்கள். "சார், நீங்க வெட்டுப்பட்டு மீண்டு வந்த கதை. கொஞ்சம் பாசிட்டிவா எழுதிக் குடுங்க" என்றார் கேட்க வந்த தம்பி. வெட்டுப்பட்டதில் பாசிட்டிவான அம்சம் எது என்று அவரையே கேட்டேன். நன்றாக யோசித்துவிட்டு, "தலையில படலைல்ல சார்" என்றார். ஆகவே, தலையில் படாமல் கையில் பட்ட பாக்கியத்தைப் பற்றி எழுதுகிறேன்.

நான் நிருபரான கதையில் சொல்வதற்கு ஒன்றுமில்லை. பட்டம் வாங்கினேன், வேலை கிடைக்கவில்லை, சாத்தூரில் ஒரு நாளிதழுக்குப் பகுதிநேர நிருபர் வேண்டும் என்றார்கள், சைக்கிள் இருக்கிறதா என்று மட்டும் கேட்டார்கள். இருந்தது. கண்மாய் நிறைந்தால் படம், அமைச்சர் வந்தால் அரைப்பக்கம், பஸ் கவிழ்ந்தால் முதல் பக்கம் என்று தொழிலைக் கற்றுக்கொண்டேன். சில வருஷங்களில் விருதுநகர் அலுவலகத்தில் என்னை நிரந்தரமாக்கினார்கள். அதற்குள் சைக்கிள் போய்விட்டது.

ஆனால் பட்டாசுப் பகுதியில் நிருபராக இருப்பவனுக்கு உண்மையில் ஒரே ஒரு சொல் தெரிந்தால் போதும். உராய்வு. ஆலையில் யார் செத்தாலும், எத்தனை பேர் செத்தாலும், கொன்றது உராய்வுதான். "வெடிமருந்துக் கலவையில் ஏற்பட்ட உராய்வு காரணமாக" என்று ஆரம்பித்துவிட்டால் மிச்சச் செய்தி தானாக எழுதிக்கொள்ளும். உராய்வுக்குச் சாதி கிடையாது, கட்சி கிடையாது, தீபாவளி மலருக்கு முழுப்பக்க விளம்பரம் கொடுக்கும் பழக்கமும் கிடையாது. அதனால் அதன்மேல் எந்தப் பழியையும் தைரியமாகப் போடலாம். இத்தனை கொலை செய்த ஆசாமியை ஒரு ஸ்டேஷனிலும் கூப்பிட்டு விசாரித்ததாக எனக்கு நினைவில்லை. இப்போதுள்ள தம்பிமார்கள் செல்போனில் ஒரு மாதிரிச் செய்தியை வைத்துக்கொண்டு ஊர்ப்பெயரையும் ஆட்களின் பெயரையும் மட்டும் மாற்றி அனுப்புகிறார்கள். எங்கள் காலத்தில் அதையே ஒவ்வொரு முறையும் கையால் எழுதினோம். முன்னேற்றம்தான்.

இந்தச் சொல்லை எனக்குக் கற்றுத்தந்தவர் எங்கள் மாவட்டத் தலைமை நிருபர் ராமசுப்பு சார். அவரைப் பற்றி நான் குறைவாகச் சொல்லக் கூடாது. கோபமே வராத மனிதர். கம்ப்யூட்டர் வந்த பிறகும் செய்தியைத் தாளில் எடுத்து வரச் சொல்வார். மேஜையில் ஒரு பக்கம் பிளாஸ்டிக் ஸ்கேல், ஒரு பக்கம் சிவப்புப் பேனா, நடுவில் சாத்தூர் காராச்சேவுப் பொட்டலம். முதலில் முழுவதும் படிப்பார். "அழகா இருக்கு சோலை" என்பார். அதற்குப் பிறகு ஸ்கேலை ஒரு வரிக்குக் கீழே வைத்து, கோடு கொஞ்சமும் கோணாமல், நிதானமாக அடிப்பார். அவர் எந்த வரியை "அழகா இருக்கு" என்று தனியாகச் சொல்கிறாரோ அந்த வரிக்கு ஆயுள் முடிந்தது என்று அர்த்தம். காராச்சேவு எண்ணெய் பட்ட இடம் பிழைக்கும், சிவப்பு மை பட்ட இடம் போய்விடும். ஏன் சார் என்று கேட்டால், "எடம் இல்லப்பா" என்பார். அதே பக்கத்தில் கீழே பாதிக்கு மேல் ஏதோ ஒரு கம்பெனியின் தீபாவளி வாழ்த்து இருக்கும்.

ஒரு நல்ல பாடமும் அவர்தான் சொல்லிக்கொடுத்தார். "ரெண்டு பக்கமும் கேக்கணும் சோலை. யாரைப் பத்தி எழுதுறமோ அவுக தரப்பு விளக்கம் இல்லாம ஒரு வரி எழுதக் கூடாது." நான் அதைத் தட்டாமல் கடைப்பிடித்தேன். என் வலதுகை அதற்குச் சாட்சி.

அந்த வருஷம் தீபாவளி சீசன் உச்சத்தில் இருந்தபோது சாத்தூருக்கு மேற்கே ஒரு பட்டாசு ஆலையில் வெடித்தது. பொன்னுத்தாய் என்ற பெண் இறந்துபோனாள். லைசென்ஸ் யாரோ ஒரு பெரியவர் பெயரில் இருந்தது. அவர் அந்தப் பக்கம் வந்தே பல காலம் ஆகியிருக்கும். ஆலையின் அறைகளைக் குத்தகைக்கு எடுத்து வேலை நடத்தியவர் தங்கமாரி என்ற ஒருவர். லைசென்ஸ் ஒருவர் பெயரில் இருக்க, இன்னொருவர் வேலை நடத்தக் கூடாது என்பது சட்டம். அது சட்டப் புத்தகத்தில் பத்திரமாக இருந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது அங்கே போர்மேன் மட்டும் நின்றிருந்தார். நடுவயது மனிதர். வலதுகைச் சுண்டுவிரலில் பாதி இல்லை. பழைய விபத்து ஒன்றில் போனது என்றார். அலுமினியப் பவுடர் படிந்து கை மணிக்கட்டு வரை வெள்ளியாக மின்னியது. அந்தக் கையாலேயே ஒரு செம்பில் தண்ணீர் கொடுத்தார். "குடிங்க சார், வெயிலு என்னமா கொளுத்துது" என்றார். குடித்தேன். அந்தத் தண்ணீர் நன்றாகவே இருந்தது, அதில் குறை சொல்ல முடியாது.

பிறகு ஒரு அறையைக் காட்டினார். "இந்த ரூமுலதான் சார். உள்ள தனியாப் போயி மருந்தைக் கிண்டியிருக்கா. நாங்க சொல்லச் சொல்லக் கேக்கல."

உள்ளே எட்டிப் பார்த்தேன். வெள்ளையடித்த சுவர் வெள்ளையாகவே இருந்தது. ஆணியில் தொங்கிய தினசரிக் காலண்டர் அன்றைய ராகுகாலத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. ஓர் உயிரைக் கொன்ற வெடி ஒரு காலண்டர் தாளைக் கிழிக்கவில்லை. அறைக்குப் பின்னால் போனேன். அங்கே ஒரு வேப்பமரம், ஒரு பக்கம் முழுக்கக் கருகி நின்றது. அடியில் புது மணல் கொட்டித் தண்ணீர் தெளித்திருந்தார்கள். மணலுக்கு வெளியே ஒரு தூக்குவாளியின் மூடி கிடந்தது.

"மரம் எப்படிக் கருகுச்சு?" என்றேன்.

"அது போன வருசம் இடி விழுந்தது சார்."

"இன்னும் புகை வருதே."

போர்மேன் மரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஈரமா இருந்திருக்கும் சார்" என்றார்.

விஷயம் இதுதான். ஆர்டர் குவிந்து கிடக்கும் சீசனில் அறை போதாது. அறைக்குள் புழுக்கமும் தாங்காது. ஆட்களை மரத்தடியில் உட்காரவைத்து மருந்து அடைக்கச் சொல்வார்கள். அது பெரிய விதிமீறல். அதிகாரிகளுக்குத் தெரிந்தால் ஆலையையே மூடிவிடுவார்கள். மரத்தடி என்றால் உட்காரவைத்தவர் மீது குற்றம். அறைக்குள் தனியாக என்றால் செத்தவள் மீது குற்றம். செத்தவள் வந்து மறுப்பு அறிக்கை கொடுக்கப் போவதில்லை.

அரசு ஆஸ்பத்திரியில் பிணவறைக்கு வெளியே பொன்னுத்தாயின் புருஷன் கருப்பையா நின்றிருந்தார். எங்கள் பக்கம் தீப்பெட்டி ஆபீஸ் என்று சொல்கிற தொழிற்சாலையில் லோடு ஏற்றுகிறவர். கூட ஒரு சின்னப் பெண், பள்ளிக்கூட யூனிபார்மிலேயே இருந்தாள். என்னைப் பார்த்ததும் கருப்பையா ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார்.

"அவ ரூமுக்குள்ளயே போகலய்யா. காலைல நான்தான் சைக்கிள்ல எறக்கிவிட்டேன். வேப்பமரத்தடிலதான் எல்லாரும் உக்காந்திருந்தாக. இப்ப, அவளாத் தனியாப் போயி மருந்தைக் கிண்டுனான்னு எழுதிக் கையெழுத்துக் கேக்குறாக. எம்மக நாளைக்கு அதைப் படிப்பால்ல? ஆத்தா சொல்பேச்சுக் கேக்காமச் செத்தான்னுதான நெனைப்பா? வேற ஒண்ணும் எழுத வேணாம். மரத்தடின்னு ஒரு வரி மட்டும் பேப்பர்ல போட்டுருங்கய்யா. அம்புட்டுத்தான்."

போடுகிறேன் என்றேன்.

மறுநாள் காலையில் விருதுநகர் அலுவலகத்தில் செய்தியை எழுதினேன். எழுதி முடித்ததும் பாடம் நினைவுக்கு வந்தது. தங்கமாரிக்கு போன் போட்டேன்.

"அண்ணாச்சி, மரத்தடில வேலை நடந்ததாச் சொல்றாக. உங்க தரப்பு விளக்கம் வேணும்."

"விளக்கந்தான? பேஷாக் குடுப்போம். நேர்லயே குடுத்து விடுறேன். நீங்க எங்கன இருப்பீக?"

அவ்வளவு மரியாதையாக யாரும் எனக்கு விளக்கம் கொடுத்ததில்லை. எனக்கு மகிழ்ச்சி. "சூலக்கரைல கலெக்டர் மீட்டிங் இருக்கு அண்ணாச்சி. முடிச்சுட்டு சாயங்காலம் வீட்டுக்கு பஸ்ல சாத்தூர் வந்து எறங்கிருவேன்" என்று விவரமாகச் சொன்னேன். எந்தப் பஸ் ஸ்டாப் என்பதையும் சொன்னேன். ஒரு நிருபர் எந்த அளவுக்கு ஒத்துழைக்க வேண்டுமோ அந்த அளவுக்கு ஒத்துழைத்தேன்.

கிளம்பும்முன் ராமசுப்பு சாரிடம் செய்தியைக் கொடுத்தேன். படித்தார். காராச்சேவை மென்றார். "வேப்பமரத்தடின்னு போட்டிருக்க பாரு, அழகா இருக்கு" என்றார். ஸ்கேலை வைத்தார்.

"சார், அந்த ஒரு வரிதான் சார் செய்தியே."

"எடம் இல்லப்பா."

"விளக்கம் வருது சார். நேர்ல குடுத்து விடுறேன்னு தங்கமாரியே சொல்லியிருக்காரு."

"வரட்டும். வந்தாப் பாப்போம்" என்றார். மரத்தின்மேல் சிவப்புக் கோடு கோணாமல் போனது. மேலே தன் கைப்பட "அறைக்குள் தனியாக மருந்தைக் கிண்டியபோது உராய்வு காரணமாக" என்று சேர்த்தார்.

அன்று மாலை தங்கமாரி தரப்பு விளக்கம் பைக்கில் வந்தது. சாத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஜனங்கள் காய்கறி வாங்கிக்கொண்டிருந்த தெருவில் திரும்பினேன். பின்னால் உட்கார்ந்திருந்தவர் ஹெல்மெட் போட்டிருந்தார். பாதுகாப்பு விதியை அந்த ஆலைக்காரர்கள் கடைப்பிடித்து நான் பார்த்தது அன்றுதான். அருவாளைப் பிடித்த கை மணிக்கட்டு வரை வெள்ளியாக இருந்தது. சுண்டுவிரலில் பாதி இல்லை. எனக்குத் தண்ணீர் கொடுத்த கை என்று தெரிந்த அந்த நொடியில் வலதுகையைத் தலைக்கு மேலே தூக்கினேன்.

வலி அப்போது தெரியவில்லை. தெருவே ஓடி ஒளிந்ததும், கத்தரிக்காய் விற்ற அம்மா மட்டும் தன் முந்தானையைக் கிழித்து என் கையில் கட்டியதும் நினைவிருக்கிறது. "கண்ணை மூடாதீக சார், கண்ணை மூடாதீக" என்று அவர் அழுதுகொண்டே சொன்னது இப்போதும் காதில் இருக்கிறது.

மதுரைக்குக் கொண்டுபோய் அறுவை சிகிச்சை செய்தார்கள். எலும்பு தப்பியது. விரல்களை இழுக்கிற நரம்புகள் அறுந்திருந்தன, சேர்த்துத் தைத்தார்கள். கண் விழித்ததும் என் மனைவி இந்திராணி சொன்ன முதல் வார்த்தை, "இருக்கன்குடி ஆத்தாவுக்கு வெள்ளில கை உருவம் வாங்கிப் போடுறேன்னு நேந்திருக்கேன்." இரண்டாவது வார்த்தை, "எந்தக் கூறுகெட்டவனாச்சும் எங்கன எறங்குவேன்னு போன் போட்டுச் சொல்லுவானா?" மூன்றாவதாக அழுதாள்.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் சாத்துக்குடி வாங்கி வந்தார்கள். உரிக்கத்தான் கை இல்லை. ராமசுப்பு சார் ஒரு பெரிய பொட்டலம் காராச்சேவும் அன்றைய பேப்பரும் கொண்டுவந்தார். பேப்பரை என் கண்ணுக்கு நேராக விரித்துப் பிடித்தார். "நிருபருக்கு வெட்டு: மர்ம நபர்களுக்கு வலை" என்று போட்டிருந்தது. சோலையப்பன் என்ற என் பெயர் சோலைராஜ் என்று வந்திருந்தது. "முன்விரோதம் காரணமா எனப் போலீசார் விசாரித்து வருகின்றனர்" என்று முடிந்திருந்தது.

பட்டாசு வெடித்தால் உராய்வு, அருவாள் பட்டால் முன்விரோதம். இத்தனை வருஷம் நானே கைவலிக்க எழுதிய சொற்கள் என்னைப் பார்க்கவும் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டன.

"நானே எழுதுனேன் சோலை. அழகா வந்திருக்குல்ல?" என்றார்.

"அழகா இருக்கு சார்" என்றேன். வலதுகை மட்டும் கொஞ்சம் வேலை செய்திருந்தால் அந்தப் பேப்பரை அவர் வாயிலேயே திணித்திருப்பேன். அவ்வளவு ஆத்திரம் வந்தது.

அதற்கடுத்து ஒரு மதியம் கருப்பையா வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் கை கட்டி நின்றார். கட்டுப்போட்ட என் கையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது.

"எங்களுக்காக எழுதப்போயி இப்படி ஆயிருச்சேய்யா. அந்த வரி வந்ததுனாலதான வெட்டுனாக? எந்தத் தேதி பேப்பர்னு சொல்லுங்க. ஒண்ணு வாங்கி மகளுக்குன்னு பெட்டில வச்சிருக்கணும்."

"அந்த வரி வரல கருப்பையா" என்றேன்.

"வரலையா?"

"அடிச்சுட்டாக."

கட்டுப்போட்ட கையை மறுபடி பார்த்தார். பிறகு, "வராததுக்கா வெட்டுனாக?" என்று கேட்டார். அதில் கேலி இல்லை. உண்மையிலேயே புரியாமல் கேட்டார். எனக்கும் புரியவில்லை. வராத செய்திக்காக வெட்டுப்பட்ட நிருபர் வேறு யாராவது இருந்தால் இந்த மலரில் அவரையும் எழுதச் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் கஷ்டம் ஆரம்பித்தது. மீண்டு வந்த கதைகளில் ஒருவர் ஜன்னலோரம் உட்கார்ந்து வானத்தைப் பார்த்துத் தெம்படைவார். நான் சட்டைப் பித்தானைப் போட முடியாமல் அழுதேன். பைக் சத்தம் கேட்டால் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். எங்கள் ஊரில் சுற்றிலும் எங்காவது ஒரு ஆலையில் வெடியைச் சோதித்துப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். மனநிம்மதிக்கு இதைவிட நல்ல ஊர் கிடைக்காது. பேனாவை விரல்களுக்கிடையே வைத்தால் கீழே விழுந்தது. இனி எழுதவே முடியாதோ என்று பயந்தேன். வேறு எந்த வேலையும் எனக்குத் தெரியாது.

பிசியோதெரபி பார்த்த பெண் கெட்டிக்காரி. பந்தை அமுக்கு, களிமண்ணை உருட்டு என்றெல்லாம் சொல்லிப் பார்த்தாள். எனக்குச் சலித்தது. "சார், உங்க ஊர்ல வீட்டுக்கு வீடு வெடிக்குக் குழாய் சுருட்டுறாங்கல்ல, அதைச் செய்யுங்க. விரலுக்கு அதைவிட நல்ல பயிற்சி கெடையாது" என்றாள். வெறும் காகிதக் குழாய்தான், மருந்து கிடையாது. இந்திராணி பக்கத்துத் தெரு ஏஜெண்டிடம் பேசித் தாள், கம்பி, பசை எல்லாம் வாங்கி வந்தாள். கம்பியில் தாளைச் சுற்றி, ஓரத்தில் பசை தடவி, உருட்டுக்கட்டையால் ஓர் இழுப்பு இழுத்தால் குழாய். அது மற்றவர்களுக்கு. எனக்கு முதலில் வந்ததெல்லாம் கசங்கிய தாள்.

"பேப்பர்ல வேலை பாத்த ஆளுக்குப் பேப்பரைச் சுருட்டத் தெரியல" என்று இந்திராணி சிரித்தாள். கோபத்தில் விடாமல் சுருட்டினேன். கட்டைவிரல் முதலில் சொன்னபடி கேட்டது, அப்புறம் ஆள்காட்டி விரல். ஏஜெண்ட் என் குழாய்களை வேண்டாம் என்று திருப்பாமல் எடுத்துக்கொண்டு போன நாளில், முதல் செய்தி அச்சில் வந்த நாளைவிடச் சந்தோஷப்பட்டேன். அதற்குப் பிறகு பேனாவும் விரலில் நின்றது. எழுத்து கோணலாகத்தான் வந்தது, ஆனால் வந்தது. இந்திராணி இருக்கன்குடிக்குப் போய் வெள்ளிக் கையைச் சாத்திவிட்டு வந்தாள்.

மறுபடி வேலைக்குப் போனேன். மேஜை வேலை கொடுத்தார்கள். அதற்குள் ராமசுப்பு சார் ஓய்வுபெற்றுவிட்டார். அவர் ஸ்கேலை எடுத்துப் போகவில்லை. நானும் ஓய்வுபெற்றேன். அதன்பிறகுதான் வழக்கு விசாரணைக்கு வந்தது. நம் நீதிமன்றங்கள் அவசரப்பட்டு எதையும் செய்துவிடுவதில்லை. குற்றவாளிக் கூண்டில், கையை வைத்து நான் அடையாளம் சொன்ன போர்மேன் மட்டும்தான். தங்கமாரியின் பெயர் எந்த இடத்திலும் இல்லை. என்னிடம் விளக்கம் கொடுக்க விரும்பியது போர்மேனின் சொந்த ஆசை என்று போலீஸ் முடிவுசெய்திருந்தது.

சாட்சி சொல்லப் போகுமுன் ஸ்டேஷன் ஏட்டையா வீட்டுக்கே வந்து விளக்கினார். "சார், கை நிரந்தரமாக் கெட்டுப்போச்சுன்னா கொடுங்காயம். அவனுக்கு நல்ல தண்டனை கெடைக்கும். கை தேறிருச்சுன்னா சாதாக் காயம், ஆளு சீக்கிரம் வெளிய வந்துருவான். கோர்ட்டுல கையைக் கொஞ்சம் துவளப் போட்டு நில்லுங்க. மத்ததை வக்கீலு பாத்துக்குவாரு."

"அதுதான் சரி. துவளப் போடுங்க" என்றாள் இந்திராணி. என்ன செய்வது என்று எனக்கும் குழப்பம்தான். என்னை வெட்டியவனுக்குத் தண்டனை வேண்டும் என்று எனக்கு ஆசை இல்லை என்று சொன்னால் பொய்.

நீதிமன்ற வராந்தாவில் போர்மேன் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். "கை தேவலையா சார்?" என்று கேட்டார். அக்கறையாகத்தான் கேட்டார். கேட்க வேண்டியவர்தான். "தேவலை" என்றேன். கடைசி பெஞ்சில் கருப்பையா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அந்தப் பெண். இப்போது கல்லூரிக்குப் போகிறாளாம். தன் அம்மா அறைக்குள் தனியாகப் போய் மருந்தைக் கிண்டிச் செத்தாள் என்ற பேப்பர் செய்தியை மட்டும் படித்து வளர்ந்த பெண்.

போர்மேனின் வக்கீல் சுறுசுறுப்பானவர். கூண்டில் நான் கையைத் துவளப் போட்டு நிற்பதைப் பார்த்துச் சிரித்தார்.

"சோலையப்பன், நீங்க வீட்ல குழாய் சுருட்டுனீங்களா?"

"சுருட்டினேன்."

"எந்தக் கம்பெனிக்கு?"

"ஏஜெண்ட் வாங்கிட்டுப் போவார். எந்தக் கம்பெனின்னு எனக்குத் தெரியாது."

"நான் சொல்றேன். தங்கமாரி கம்பெனிக்கு. எங்க கட்சிக்காரர் போர்மேனா இருக்கிற அதே கம்பெனிக்கு நீங்க மாசக்கணக்கா வேலை பாத்திருக்கீங்க. கை கெட்டுப்போனவர் செய்ற வேலையா அது?"

நீதிமன்றத்தில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். என் கையை வெட்டியவர்களுக்கே கூலிக்கு வேலை பார்த்து என் கையைத் தேற்றிக்கொண்டிருக்கிறேன். இருக்கன்குடிக்காரிக்கு இதில் என்ன திருப்தியோ.

வக்கீலுக்கு அது போதவில்லை. "ஐயா, சாட்சி இப்ப இங்கயே ஒரு தாள்ல எழுதிக் காட்டட்டும். கை எப்படி இருக்குன்னு கோர்ட்டே பாக்கட்டும்" என்று நீதிபதியிடம் கேட்டார். நீதிபதி சம்மதித்தார். வெள்ளைத் தாளும் பேனாவும் வந்தன.

"என்ன எழுத?" என்றேன்.

"எதை வேணாலும் எழுதுங்க" என்றார் வக்கீல். என் வாழ்நாளில் யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை.

ஏட்டையா வாசலில் நின்றபடி தலையை ஆட்டினார். பேனாவைக் கீழே போட்டுவிடு என்று அர்த்தம். போட்டிருந்தால் போர்மேனுக்குக் கொடுங்காயத் தண்டனை. விரல்களுக்கு இன்னும் முழுப் பிடி வரவில்லை. நடிக்கவே தேவையில்லை, விட்டால் தானாக விழுந்துவிடும். கடைசி பெஞ்சைப் பார்த்தேன். பேனாவை இறுக்கிப் பிடித்து எழுதினேன்.

"பொன்னுத்தாய் அறைக்குள் போகவில்லை. வேப்பமரத்தடியில் உட்காரவைக்கப்பட்டு மருந்து அடைத்தபோது வெடித்து இறந்தாள். உட்காரவைத்தவர் தங்கமாரி."

வக்கீல் தாளை வாங்கி நீதிபதிக்குத் தூக்கிக் காட்டினார். "பாருங்க ஐயா, எம்புட்டுத் தெளிவா எழுதுறாரு. கையில ஒரு குறையும் இல்ல. இதை எங்க தரப்புச் சான்றாவணமாக் குறிக்கணும்."

நீதிபதி படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். "இதை நீங்க படிச்சீங்களா?" என்று வக்கீலிடம் கேட்டார்.

"எழுத்தைப் பாத்தேன் ஐயா, நல்லா இருக்கு."

"குறிச்சுக்கங்க" என்றார் நீதிபதி. முத்திரை விழுந்தது. யாரும் ஸ்கேலைக் கொண்டு வரவில்லை.

சாதாரணக் காயம் என்றுதான் தீர்ப்பு வந்தது. போர்மேன் சீக்கிரமே வெளியே வந்துவிட்டார், மறுபடி வேலையிலும் சேர்ந்துவிட்டாராம். தங்கமாரி நன்றாக இருக்கிறார். அந்தத் தாளை வைத்து யாரும் அவரைக் கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்கவில்லை. இந்திராணி இன்றுவரை, "துவளப் போடச் சொன்னேனா இல்லையா?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். பாசிட்டிவாக எழுதச் சொன்ன தம்பி இந்தப் பத்தியை அடித்துவிடலாம், எனக்குப் பழக்கம்தான்.

ஆனால் மனுப்போட்டு அந்தத் தாளுக்கு ஒரு நகல் வாங்கினேன். நீதிமன்ற முத்திரையோடு கருப்பையா வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. மகளிடம் நீட்டினார். அவள் சத்தமாக வாசித்தாள். வேப்பமரத்தடி என்ற இடத்தில் குரல் நின்றுவிட்டது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்து முடிவு வரைக்கும் வாசித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பி, "எழுத்தெல்லாம் கோணலா இருக்கே சார்" என்றாள்.

கருப்பையா அவள் கையிலிருந்து தாளை வாங்கி மடித்தார்.

"எழுத்து கோணினா என்னத்தா, எடம் சரியா இருக்குல்ல" என்றார்.